எமது ஒழுங்கையும் ஒரு கமராவும்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலே புகைப்படம் என்றால் கலியாணப் படம், காதுகுத்துப் படம், அல்லது அடையாள அட்டைக்கென எடுத்த படம். ஆளில்லாத இடத்தைப் படம் பிடிப்பது வீண்செலவு என்று எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஒரு பிலிம் சுருளிலே முப்பத்தாறு படங்கள். அவற்றுள் ஒன்றைக் கிணற்றடிக்கும் வேலிக்கும் செலவிட எவர்தாம் துணிவர்? ஆதலால், 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே எம் குடும்பத்தார் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த படங்களில் எம் வீடு தனித்து ஒன்றிலேனும் இல்லை. சின்னம்மாவின் கலியாணப் படத்தில், மணமகளின் தோளுக்குப் பின்னே விறாந்தைத் தூண் ஒன்று பாதி தெரிகிறது. இன்னொன்றிலே அம்மானின் மடியிலிருந்து நாம் அழுதுகொண்டிருக்க, மூலையிலே துலாவின் அடிக்கால். அவ்வளவே எம் வீட்டின் சரித்திரச் சான்று. எமக்கு அப்போது வயது ஒன்பது.

எம் ஊர் வலிகாமம் வடக்கிலே மாவிட்டபுரத்துக்கும் கீரிமலைக்கும் இடையில் உள்ளது. குதிரை முகம் நீங்கப்பெற்ற இளவரசியின் கதையைக் கேளாத வாசகர் இரார். அவள் நீராடிய கீரிமலைக்கும் அவள் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோயிலுக்கும் இடையே செல்லும் வழியிலிருந்து எம் ஒழுங்கை பிரிகிறது. வடக்கே கடல். கிழக்கே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை. 1950இல் உற்பத்தி தொடங்கிய அத்தொழிற்சாலையிலேதான் எம் தந்தையார் தொழில் பார்த்தார். 1990இல் ஆலையும் நின்றது, புகைவண்டியும் நின்றது. புகைவண்டி 2015ஆம் ஆண்டு சனவரியிலே காங்கேசன்துறைக்கு மீண்டது. தந்தையார் அதைக் காணவில்லை. இடம்பெயர்ந்திருந்த வீட்டிலேயே 1997இல் அவர் காலமானார்.

போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் பின்னர்க் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. எம் ஒழுங்கைக்கும் ஒருநாள் வழி திறந்தது. சென்று பார்த்தோர் அறிவர்: அங்கே முதலில் எதிர்ப்படுவது திகைப்பு. கிடுகு வேலியும் கதியாலும் இன்றேல் ஒழுங்கை எங்கே, வளவு எங்கே? இப்பிலிப்பில் மரங்கள் ஒரே காடாய் நின்றன. பலரும் தத்தம் காணியைக் கண்டுகொண்டது கிணற்றினால். கிணறு மட்டுமே இடம்பெயராதது. எம் கிணற்றுக்கட்டிலே பாட்டனார் காலத்தில் ஒரு கல் பெயர்ந்து, அதற்குப் பதிலாக வைத்த செங்கல் ஒன்று உண்டு. அதைக் கண்ட பின்னரே வீட்டைத் தேடத் தொடங்கினோம். சுவர்கள் நின்றன. ஓடு, வளை, கதவு, யன்னல் யாவும் போயிருந்தன. சுவாமி அறையிலே ஒரு வேம்பு எம்மைவிட உயரமாய் வளர்ந்திருந்தது.

இத்தகைய ஊர்களுக்குக் கமராவுடன் வருவோர் பலர். அவர்களிற் சிலர் எடுத்த படங்களை நாமும் கண்டுள்ளோம். அழகு என்பதில் ஐயமில்லை. மாலைச் சூரியன் யன்னல் இருந்த துவாரத்தின் வழியே சாய்ந்து விழும். கொடி ஒன்று சுவரிலே படர்ந்திருக்கும். வானம் உள்ளதைவிடச் சிவந்திருக்கும். ஆயின் அந்தப் படத்திலுள்ள வீடு யாருடையது? எந்தத் திசையைப் பார்த்தது? அங்கே சோறு சமைத்தது எந்த மூலையிலே? படம் ஒன்றும் சொல்லாது. அதிலே வீடு வீடாக இல்லை. சோகத்துக்கு ஒரு சித்திரமாகிவிட்டது. எமது நாட்டின் லயனல் வென்ட் (1900–1944) போன்ற பெருங்கலைஞர் ஒளியையும் நிழலையும் ஆண்ட முறை வேறு. அவரைப் பின்பற்ற முனைவோர் கையிலே நிழல் மிகுந்து பொருள் மறைவதையே பெரிதும் காண்கிறோம்.

நாம் கல்லூரியிலே வரலாறு கற்பிக்கும் தொழிலினர். எமக்கு வேண்டியது ஆவணம். எனவே, ஊர்களை ஆவணம் போலப் படம் பிடித்தோர் எவ்வாறு செய்தனர் என்று தேடிப் படித்தோம்.

பாரிஸ் நகரிலே அற்ஜே என்பவர் (1857–1927) பாரமான மரக் கமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் சுமந்துகொண்டு, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பழைய தெருக்களையும் வாயில்களையும் கடை முகப்புகளையும் படம் பிடித்தார். பெரும்பாலும் அதிகாலை, தெருவிலே ஆள் நடமாட்டம் இராது. தம் வாயிற் பலகையிலே ‘கலைஞர்க்கான ஆவணங்கள்’ என்றே எழுதி வைத்திருந்தாராம்.

ஜேர்மனியின் பேண்ட் பெக்கர் எமக்கு இன்னும் நெருக்கமானவர். அவர் 1931இல் சீகன் என்னும் ஊரிலே பிறந்தவர். இரும்புச் சுரங்கங்களும் உலைகளும் நிறைந்த அப்பகுதியில், தாம் சிறுவயதிற் கண்டவை ஒவ்வொன்றாய் இடிக்கப்படுவதைப் பார்த்து, அவற்றை வரைந்துவைக்க முற்பட்டார். இடிப்போரின் வேகத்துக்குப் பென்சில் ஈடுகொடுக்கவில்லை. அதனாற் கமராவை எடுத்தார். 1959 முதல் ஹில்லா என்பாருடன் கூடி, பின்னர் மணந்தும் கொண்டு, நீர்த்தாங்கிகளையும் உலைகளையும் சுரங்கக் கோபுரங்களையும் அப்பகுதித் தொழிலாளரின் மரச்சட்ட வீடுகளையும் பல்லாண்டு படம் பிடித்தார். எல்லாம் நேர் எதிரே நின்று, மூட்டமான வானத்தின் கீழே, நிழல் விழாமல். நூறு வீடுகளை ஒரே முறையிலே எடுத்தால் ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு தானே தெரியும் என்பது அம்முறையின் பயன்.

நாமும் அவ்வழியே தொடங்கினோம். முதல் முயற்சி ஆடி அமாவாசை நாளில். கீரிமலையிலே தந்தையாருக்குரிய கடன்களை முடித்துக்கொண்டு, ஈரத்துண்டுடனே ஒழுங்கைக்குச் சென்றோம். ஆடிமாத வெயில் சுண்ணாம்புச் சுவரிலே பட்டுக் கண்ணைப் பறித்தது. வெயில் பட்ட பாதி வெள்ளைத்தாள் போலவும் மறுபாதி கரிபோலவும் படத்தில் விழுந்தன. மார்கழி விடுமுறையிலே மீண்டும் சென்றோம். அப்போது மழை மேகம் மூடிய வானம். சுவரின் ஒவ்வொரு கல்லும் தன் நிறத்தோடே தெரிந்தது. யாழ்ப்பாணத்திலே இவ்வகைப் படத்துக்கு உகந்த காலம் மாரியே என்று துணிந்து சொல்வோம். அட்டையும் நுளம்பும் இலவசம்.

மாணவர் சிலர் எம்மிடம் இம்முறையைக் கேட்பதுண்டு. விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. கைப்பேசியே போதும், அதன் வில்லையை வேட்டித் தலைப்பாலே துடைத்துக்கொண்டாற் சரி. நாம் 35 மில்லிமீற்றர் வில்லை ஒன்றையே முழுவதற்கும் பயன்படுத்தினோம். மிக அகன்ற கோணத்தில் எடுத்தால் எட்டடி அறை கலியாண மண்டபம் போலாகிவிடும், அது பொய். கமராவை முக்காலியிலே நிமிர்த்தி, நெஞ்சளவு உயரத்தில், சுவருக்கு நேராக வைத்தல் வேண்டும். மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் பின்னே விழுவன போலத் தோன்றும். தொல்லியலாளர் குழியிலே கறுப்பு வெள்ளைப் பட்டை தீட்டிய கோலை வைத்துப் படம் பிடிப்பதைப் போல, நாமும் ஒரு மீற்றர்க் கோலைச் சுவரோரம் சாத்திவைத்தோம். அது படத்தின் அழகைக் கெடுக்கிறது என்றார் நண்பர் ஒருவர். கெடுக்கட்டும்.

ஒழுங்கையின் வாயிலிலிருந்து தொடங்கி, இருபது அடிக்கு ஒருமுறை நின்று, இருமருங்கும் எடுத்தோம். பின்னர்ப் படலை நின்ற இடம், முற்றம், வீட்டின் நான்கு பக்கம், ஒவ்வோர் அறையின் ஒவ்வொரு சுவர். எடுத்த நாளிரவே கொப்பியிலே இலக்கம், திகதி, நின்ற இடம், பார்த்த திசை என்பவற்றை எழுதினோம். மறுநாளைக்கு ஒத்திவைத்தால் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் மாறிவிடும். கூரையில்லாத அறைகள் யாவும் படத்திலே ஒன்றுபோல இருக்கும். ஒழுங்கையின் வடக்கு முடிவிலே ஒரு கம்பி வேலி நின்றது. அப்பால் படம் பிடித்தல் கூடாது என்ற அறிவித்தலும் இருந்தது. அப்பக்கம் கமராவைத் திருப்பவில்லை. ஒழுங்கை அவ்விடத்தோடு முடியவில்லை என்பதைக் கொப்பியிலே குறித்துக்கொண்டோம்.

படங்கள் நூற்றுப்பன்னிரண்டு சேர்ந்தன. அவற்றை அகலமான தாளிலே அச்சிட்டு அன்னையாரிடம் கொடுத்தோம். முழங்கால் நோயினால் அவர் அந்தப் பற்றைக்குள் நடக்க இயலாதவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். அழுவார் என்று அஞ்சியிருந்தோம், அவர் அழவில்லை. வீடு கூட்டுகிறவரைப் போல மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டு போனார். விறாந்தையின் தெற்குச் சுவர் வந்ததும் நிறுத்தினார்.

“உந்தச் சுவரிலை ஒரு ஆணி இருக்கோ எண்டு பார், மோனை.”

எந்த ஆணி என்று கேட்டோம்.

“கொப்பா சேட்டுக் கொழுவிற ஆணி. சீமெந்துத் தூசியோடை உள்ளுக்கு வரக்கூடாது எண்டு நான்தான் அடிப்பிச்சனான்.”

அப்படியோர் ஆணி இருந்ததென்பதே எம் நினைவில் இல்லை. பூதக்கண்ணாடி கொண்டு தேடினோம். மீற்றர்க் கோலின் நுனிக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில், அரிசிமணி அளவில் ஒரு துளை. அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு சாண் நீளத்துக்குத் துருவின் மங்கிய கோடு. கூரை இருந்தவரையில் மழை படாத சுவர் அது. கூரை போனபின் பெய்த மழையே துருவைக் கரைத்து அக்கோட்டை இழுத்திருக்கிறது. அன்னையார் அந்த இடத்திலே விரலை வைத்தார். பின்னர், “சரியான உயரந்தான்” என்று சொல்லி அடுத்த படத்தை எடுத்தார்.

அமெரிக்கப் படப்பிடிப்பாளர் வோக்கர் எவன்ஸ், 1936இல் அலபாமா மாநிலத்து ஏழைக் குடியானவரின் வீடுகளை மிக எளிமையாகப் படம் பிடித்தவர். ஆவணம் வேறு, ஆவணப் பாணி வேறு என்று அவர் 1971இல் ஒரு நேர்காணலிலே பிரித்துரைத்தார். கொலை நடந்த இடத்திலே பொலிசார் எடுக்கும் படந்தான் உண்மையான ஆவணம். அதற்குப் பயன் உண்டு. கலைக்குப் பயன் இல்லை. ஆதலாற் கலை ஆவணமாகாது, அதன் பாணியை மேற்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. நுட்பமான பேச்சுத்தான். ஆனால் அன்னையாரின் விரல் அந்தத் துளையிலே நின்றபோது, எம் படத்துக்குப் பயன் இல்லை என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. பாணி என்னவாயினும் ஆகுக.

நாற்பத்தோராம் இலக்கப் படத்தினால் வேறொரு வழக்கு எழுந்தது. அடுக்களைக்குப் பின்புறம், சதுரமான ஒரு கற்கட்டு. அது ஆட்டுக்கல் வைத்த மேடை என்கிறார் அன்னையார். கனடாவிலிருக்கும் பெரியம்மாவுக்குப் படத்தை அனுப்பினோம். “கோழிக்கூடு நிண்ட இடம். உன்ரை கொம்மாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு” என்று தொலைபேசியிலே தீர்ப்பளித்தார். இருவரும் இரண்டு நாள் பேசவில்லை. கொப்பியிலே இரண்டு கூற்றையும், கூறியவர் பெயருடனும் திகதியுடனும் எழுதியுள்ளோம். வகுப்பிலே அரசர்களின் பட்டியலுக்கு நாம் செய்வதும் இதுதானே. ஒன்று கூறவேண்டும்: படத்தை எடுப்பது பாதி வேலை, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எண்பதை அண்டிக்கொண்டிருக்கின்றனர். படத்தின் பின்புறத்திலே மெல்லிய பென்சிலால் எழுதுவதற்குக் காலம் அதிகம் இல்லை.

எம் செய்தி ஒழுங்கை முழுவதும் பரவிவிட்டது. தங்கள் வளவையும் எடுத்து அனுப்புமாறு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கேட்கின்றனர். ஒருவர் தம் வீட்டுச் சுவரைக் காணவேண்டாம், மல்லிகைப் பந்தல் நின்ற வெறும் நிலம் போதும் என்றார். எடுத்து அனுப்பினோம். புல் முளைத்த தரை. நடுவே மீற்றர்க் கோல். வேறெவர்க்கும் அது படமே அன்று.

மேற்கு வரிசையில் மூன்றாம் வளவினர் மீளக் குடியேறிவிட்டனர். பழைய சுவரை இடித்து, அக்கல்லையே அத்திவாரத்திலே போட்டுப் புதுவீடு கட்டியுள்ளனர். நாம் முக்காலியுடன் போனபோது, “எங்கடை இடிஞ்ச வீட்டைத் தேடி வந்தனீங்களோ, மாஸ்டர்? அது இப்ப நிலத்துக்குக் கீழை” என்று வீட்டுக்காரர் சிரித்தார். புதுவீட்டையே எடுக்க வந்தோம் என்றோம். அவர் நம்பவில்லை. பின்னர் நீலநிறத் தண்ணீர்த் தாங்கி நன்றாக விழுகிற பக்கத்தை அவரே காட்டினார். பிள்ளைகளின் துவிச்சக்கர வண்டிகளை அப்புறப்படுத்த ஓடியவரை, வேண்டாம், இருக்கட்டும் என்று தடுத்தோம். நேர் எதிரே, நெஞ்சளவு உயரத்தில், கோலைச் சுவரிலே சாத்தி எடுத்தோம். இலக்கம் நூற்றுப்பதின்மூன்று.

கிழக்கு வரிசையில் ஐந்து வளவுகள் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்றிலே பற்றை வெட்டும் இயந்திரம் வந்து நிற்பதாகச் சென்ற கிழமை செய்தி கிடைத்தது. விடுமுறை வரையில் அது காத்திராது. வருகிற சனிக்கிழமையே வானம் எப்படியிருப்பினும் போகிறோம்.