ஜனவரிச் சந்தையில் வென்றது யார்?

கனடாவின் கனிஷ்ட ஐஸ் ஹொக்கி உலகில் ஆண்டுதோறும் ஜனவரி மாத முற்பகுதி ஒரு சந்தைக் காலமாகும். ஒன்ராறியோ, மேற்குக் கனடா, கியூபெக்கும் அத்திலாந்திக் மாகாணங்களும் என மூன்று லீக்குகள் உள்ளன. அவற்றில் அறுபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் விளையாடுகின்றன. வீரர்களைத் தமக்குள் கைமாற்றிக்கொள்வதற்கான கடைசி நாள் அப்போதுதான் வருகிறது. கைமாறுபவர்கள் பெரும்பாலும் பதினாறு முதல் இருபது வயது வரையான பையன்கள். மறுநாளே 'வென்றவர்கள், தோற்றவர்கள்' என்ற பட்டியல்கள் வெளிவந்துவிடும்.

ரொறன்ரோவைச் சூழ்ந்து வாழும் நம்மவர்களுக்கு ஒஷாவாவும் கிச்சனரும் இப்போது உறவினர் வாழும் ஊர்கள். பனியையே கண்டறியாத நாட்டில் இருந்துகொண்டு நான் இவ்விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றைய காரணம் அந்தப் பட்டியல்கள். செய்தி மேசையில் நீண்டகாலம் இருந்தவன் என்பதால் அவற்றின் தேவை எனக்கு விளங்குகிறது. வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்ட இரவே அது நல்லதா கெட்டதா என்று தலைப்பிடும் தொழில் நமது தொழில். ஆனால் கனிஷ்ட ஹொக்கியில் இந்த அவசரத் தீர்ப்பு அநேகமாக நிலைப்பதில்லை.

முதலில் சந்தையின் இயல்பைச் சொல்ல வேண்டும். இருபது வயதைத் தாண்டியவருக்கு இங்கே இடமில்லை. இருபது வயதினரிலும் ஓரணியில் மூவர் மட்டுமே விளையாடலாம். ஆகவே எந்தக் கழகமும் ஒரு நல்ல அணியை நீண்டகாலம் வைத்திருக்க முடியாது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சத்துக்கு ஏறி, பின்னர் இறங்குவதே வழக்கம். ஏறுகின்ற ஆண்டில் கழகம் பத்தொன்பது வயது நட்சத்திரங்களை வாங்குகிறது. விலையாகப் பதினாறு, பதினேழு வயது வீரர்களையும் எதிர்கால ஆண்டுகளின் தெரிவு உரிமைகளையும் கொடுக்கிறது. விற்கின்ற கழகம் இன்றைய தோல்வியைச் சகித்துக்கொண்டு நாளையை வாங்குகிறது. அப்படியானால் இந்த வியாபாரத்தின் கணக்கை மறுநாள் எப்படி முடிக்கலாம்?

எரிக் லின்ட்றோஸின் கதை இதற்குச் சிறந்த உதாரணம். 1989 இல் ஒன்ராறியோ லீக்கின் முதல் தெரிவாக அவரைச் சூ செயின்ட் மேரி கழகம் எடுத்தது. அவர் அங்கு செல்ல மறுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் மூன்று வீரர்கள், தெரிவு உரிமைகள், பணம் ஆகியவற்றுக்கு ஈடாக அவர் ஒஷாவாவுக்குக் கைமாறினார். 1990 மே மாதத்தில் ஒஷாவா, கனிஷ்ட ஹொக்கியின் அதியுயர் பரிசான மெமோரியல் கிண்ணத்தை வென்றது. வென்றவர் யார் என்பதில் அன்று எவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. ஆனால் 1991 இல் அதே ஒஷாவாவை இறுதிச் சுற்றில் தோற்கடித்து லீக் பட்டத்தை எடுத்தது சூ செயின்ட் மேரி. 1992 இலும் பட்டம் அதற்கே. 1993 இல் தன் சொந்த அரங்கில் மெமோரியல் கிண்ணத்தையும் வென்றது. இவை அனைத்தும் அந்த ஒரு கைமாற்றத்தால் வந்தவை என்று சொல்ல நான் துணியமாட்டேன். எனினும் தோற்றவர் பட்டியலில் அக்கழகத்தை வைக்க முடியாது என்பது தெளிவு.

இதற்கு மறுபுறத்தையும் பார்க்கலாம். 2023 ஜனவரியில் கனடாவின் கனிஷ்ட தேசிய அணியைத் தலைமை தாங்கி உலகத் தங்கத்தை வென்றுவந்த ஷேன் றைட்டை, சில நாட்களிலேயே கிங்ஸ்டனிடமிருந்து வின்ட்சர் வாங்கியது. விலையாக இளம் வீரர்களும் பல தெரிவு உரிமைகளும் போயின. மேற்குப் பிரிவில் முதலிடம் பெற்ற வின்ட்சர், எட்டாமிடத்து அணியான கிச்சனரிடம் முதற்சுற்றில் நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து இழந்து வெளியேறியது. அடுத்த பருவத்தில் இறுதிக்கட்டப் போட்டிகளுக்கே தகுதி பெறவில்லை. ஆனால் அந்த வீழ்ச்சிதான் 2024 இல் லீக்கின் முதலாவது தெரிவை அதற்குப் பெற்றுக்கொடுத்தது. 2024-25 பருவத்தில் வின்ட்சர் மீண்டும் முன்னணி அணிகளுள் ஒன்றாகிவிட்டது.

இதே வின்ட்சரின் வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. மெமோரியல் கிண்ணப் போட்டியை நடத்தும் நகரத்தின் அணிக்கு 1983 முதல் நேரடி இடம் வழங்கப்படுகிறது. 2017 இல் போட்டியை நடத்திய வின்ட்சர், லீக்கின் முதற்சுற்றிலேயே லண்டன் அணியிடம் தோற்றது. 44 நாட்கள் ஆட்டமின்றிக் காத்திருந்து, பின்னர் கிண்ணத்தை வென்றது. 2022 இல் செயின்ட் ஜோன் அணியும் முதற்சுற்றில் விழுந்து, பயிற்சியாளரை மாற்றி, ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருந்து, வென்றது. எந்த நோக்கத்துக்காக வாங்கினார்கள் என்பதை அறியாமல், வாங்கியது சரியா பிழையா என்று சொல்ல முடியாது.

விற்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். 2023 ஜனவரியில் ரெஜினா அணி கொனர் பெடார்ட்டை விற்றிருந்தால் பெருந்தொகையான தெரிவு உரிமைகளை வாங்கியிருக்கலாம். விற்கவில்லை. அவர் 57 ஆட்டங்களில் 143 புள்ளிகள் பெற்றார். அணியோ முதற்சுற்றில் சஸ்கற்றூனிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. கணக்கின்படி அது நட்டம். ஆனால் தன் ஊரின் அரங்கில் அந்தப் பையனைக் கடைசிவரை பார்த்த ரெஜினா மக்களிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கக்கூடும்.

வாங்கியவர், விற்றவர் என இரண்டு நிரல்களில் எழுதப்படும் இக்கணக்கில் மூன்றாவது நிரல் ஒன்று இல்லை என்பதே என் குறை. பதினேழு வயதுப் பையன் தன் வீட்டை விட்டு, கழகம் ஒழுங்கு செய்த குடும்பமொன்றுடன் தங்கி, அவ்வூர்ப் பாடசாலையில் படிக்கிறான். ஒரு தொலைபேசி அழைப்புடன் பாடசாலை, தங்கிய வீடு, நண்பர்கள் யாவும் கல்வியாண்டின் நடுவே மாறிவிடுகின்றன. விளையாடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுக் கல்லூரிக் கட்டண உதவி உண்டு என்பது உண்மை. ஆனால் 2018 இல் ஒன்ராறியோ அரசு இவ்வீரர்களை ஆகக்குறைந்த ஊதியச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. தொழிலாளி அல்லாத ஒருவனைத் தொழில்முறை வீரனைப் போலக் கைமாற்றலாம் என்பதே இதன் பொருள்.

1983 ஜனவரியில் சியாற்றில் கழகம் டொம் மார்ட்டின் என்ற வீரரின் உரிமையை விக்ரோறியா கழகத்துக்கு ஒரு பழைய பஸ்ஸுக்காகக் கொடுத்தது. இன்றுவரை பலரும் சொல்லிச் சிரிக்கும் சம்பவம் இது. விக்ரோறியா மார்ட்டினின் சொந்த ஊர். அங்கு விளையாடவே அவர் விரும்பினார், விளையாடவும் செய்தார். பின்னர் தேசிய ஹொக்கி லீக் வரை சென்றார். மூன்றாவது நிரலை நிரப்பிப் பார்த்தால், அந்தக் கேலிக்குரிய பஸ் வியாபாரம் பெயர்பெற்ற பல வியாபாரங்களை விட மேலானதாகத் தோன்றுகிறது.

இப்போது நிலைமை மாறிவருகிறது. 2024 நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு, இந்த லீக்குகளில் ஆடியவர்களுக்கு 2025 ஓகஸ்ட் முதல் தன் கதவைத் திறப்பதென முடிவு செய்தது. 2025 இல் மெடிசின் ஹற் அணியின் பெரும் நட்சத்திரமான கவின் மக்கென்னா பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். கைமாற்றப்பட்ட இடம் பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு போக இன்னொரு வழி உண்டு என்பது பையன்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி ஒரு வீரனை வாங்கும் முகாமையாளர், அவன் எங்கே படிப்பான், யாருடன் தங்குவான், தங்குவானா என்றெல்லாம் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். இதுவரை எழுதாமல் விட்ட நிரலை, தம் நலன் கருதியாவது, கழகங்கள் எழுதத்தான் வேண்டியிருக்கும்.