பெரியப்பாவும் கெட்டிச் சட்னியும்

"சென்னையில நல்ல பாரம்பரியச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?"னு யாராவது கேட்டா, முன்னாடியெல்லாம் யோசிக்காம பத்து இடம் சொல்வேன். மயிலாப்பூர்ல ஆறு, தி.நகர்ல மூணு, அடையார்ல ஒண்ணு. அந்த லிஸ்ட்டோட, இந்த ஆனி மாசம் நானே ஒரு 84 வயசுக்காரரைக் கூட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதாப் போச்சு. லிஸ்ட் போடறது சுலபம், ஒரு மனுஷனைச் சாப்பிட வைக்கிறது வேற வேலைன்னு அப்பத்தான் தெரிஞ்சது.

பெரியம்மா மாசி மாசம் காலமானார். பையன் மெல்போர்ன்ல. காரியமெல்லாம் முடிஞ்சு அவன் விமானம் ஏறினதும், பெரியப்பா ஒரு பையும் ரெண்டு வேட்டியுமா அடையார்ல எங்க வீட்டுக்கு வந்துட்டார். தொந்தரவே கிடையாது. பேப்பர் படிப்பார், வாசல்ல உட்காருவார். சாப்பிடத்தான் மாட்டார். தட்டுல போட்டதை நாலு தடவை பிசைவார், ரெண்டு வாய் போடுவார், "போறும்டா, பசிக்கலை"ன்னு எழுந்துடுவார். 53 கிலோ இருந்தவர் 46 ஆயிட்டார். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லை. அவருக்கு என்ன பிடிக்குமோ அதைக் குடுங்க"ன்னு சொல்லிட்டார்.

என்ன பிடிக்கும்? கேட்டேன்.

"பெரியம்மா பண்றதுதான்."

"அதுல எது பெரியப்பா?"

"அது... சொல்லத் தெரியலைடா."

என் மனைவி நல்லாவே சமைப்பாள் (பயந்துக்கிட்டு எழுதலை, நிஜமாவே :-)). அரைச்சு விட்ட சாம்பார், பருப்புத் துவையல், மோர்க்குழம்பு, எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு. ஒண்ணும் நடக்கலை. சரி, வெளியில கூட்டிட்டுப் போலாம்னு முடிவு.

முதல் நாள் தி.நகர். பேர் வேண்டாம், பெரிய ஹோட்டல். "பாரம்பரிய விருந்து"ன்னு வாசல்லயே எழுதியிருந்தது. பெரிய தட்டைச் சுத்தி குட்டிக் குட்டிக் கிண்ணம். பெரியப்பா ஒவ்வொண்ணா எண்ணினார். "பதினேழு கிண்ணம்டா. சாதம் எங்கே?" வத்தக்குழம்புல ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பார்த்து, "வெல்லம் போட்டிருக்கான்"னு தள்ளி வெச்சுட்டார். ரெண்டு பேருக்கு ஆயிரத்து சொச்சம் பில். அவர் சாப்பிட்டது ஒரு அப்பளம்.

திரும்பி வரும்போது ஒண்ணு தோணிச்சு. நம்ம ஊர் சைவ ஹோட்டல் சாப்பாட்டுக்கு இலக்கணம் எழுதினவங்கள்ல பெரும் பங்கு உடுப்பிக்காரங்களுடையது. கிருஷ்ணா ராவ் ராயப்பேட்டையில உட்லண்ட்ஸ் ஆரம்பிச்சது 1938-ல. இன்னைக்கும் ராதாகிருஷ்ணன் சாலையில நியூ உட்லண்ட்ஸ் இருக்கு. கதீட்ரல் ரோடு டிரைவ்-இன் 1962-ல வந்தது, 2008-ல மூடினாங்க, இப்ப அங்கே செம்மொழிப் பூங்கா. 1981-ல கே.கே.நகர்ல சரவண பவன் வந்தப்பவும் கிட்டத்தட்ட அதே டிபன், அதே வரிசைதான். குறை சொல்லலை, நான் வளர்ந்ததே அதைச் சாப்பிட்டுத்தான். ஆனா வீட்டுல மத்தியானம் சாப்பிடற மணத்தக்காளி வத்தக்குழம்பு, மிளகுக்குழம்பு, சுட்ட அப்பளம், கீரை மசியல் எல்லாம் ஹோட்டல் போர்டுல ஏறினது ரொம்பக் கம்மி. மிளகுக்குழம்புக்கும் சுட்ட அப்பளத்துக்கும் இருநூறு ரூபாய் யார் குடுப்பா?

மார்கழியா இருந்தா கவலையே இல்லை. ஞானாம்பிகா, மவுண்ட்பேட்டன் மணின்னு சபா கேண்டீன்கள்ல இலை போட்டுப் பரிமாறுவாங்க. பாட்டு கேக்காம சாப்பிட்டுட்டு மட்டும் வர்ற ரசிகர்கள் உண்டு, நானும் ஒருத்தன். ஆனா இது ஆனி. மார்கழி வரைக்கும் 46 கிலோ தாங்குமான்னு உள்ளுக்குள்ள ஒரு பயம்.

அடுத்தது பக்கத்துலயே, காந்தி நகர் கிராண்ட் ஸ்வீட்ஸ். ஒரு காலத்துல அங்கே மிக்ஸர் வாங்கப் போனா தொன்னையில சுடச்சுட சாதம் கையில குடுப்பாங்க. அதுக்காகவே மிக்ஸர் வாங்கின ஆள் நான். புளிக்காய்ச்சல் பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். "நன்னாருக்கு"ன்னு ரெண்டு நாள் சாப்பிட்டார், மூணாம் நாள் பழைய கதை.

அப்புறம் மயிலாப்பூர். லஸ் பக்கமெல்லாம் மெட்ரோக்காகத் தடுப்பு போட்டிருக்காங்க, கார் எடுத்துட்டுப் போறது தற்கொலைக்குச் சமம். ஆட்டோதான். கிழக்கு மாட வீதி கற்பகாம்பாள் மெஸ்ஸுல அடை அவியல். அரை அடை உள்ளே போச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. "அடை நன்னாருக்குடா. ஆனா இந்த வயசுல தெனமும் அடை திங்க முடியுமா?"ன்னார். வாஸ்தவம். வரும்போது காளத்தி கடையில ரோஸ் மில்க். அதை முழுசாக் குடிச்சார், ஆனா அது சாப்பாட்டுக் கணக்குல வராதே.

அன்னைக்கு ஆட்டோக்காரர் நொச்சிக்குப்பத்துக்காரர். நாங்க பேசிக்கிட்டே வந்ததைக் கேட்டுட்டு, "பாரம்பரிய சாப்பாடுன்னா இன்னா சார் இட்லி, அடைன்றீங்க? எங்க வூட்டாண்ட வாங்க. எங்க ஆயா வெச்ச மாரியே நெத்திலிக் கொயம்பு, என் சம்சாரம் வெப்பா. நாங்க எத்தினி தலமொறையா கடலாண்ட கீறோம்"ன்னார். பதில் சொல்ல முடியலை. மயிலாப்பூர் சாப்பாடுன்னா கோவில் குளத்தைச் சுத்தி நாலு வீதின்னே நினைச்சுப் பழகிட்டோம். அதே மயிலாப்பூர் கிழக்கால கடல் வரைக்கும் போகுது, அங்கே வேற குழம்பு கொதிக்குது. என் லிஸ்ட்ல அது இல்லவே இல்லை. பெரியப்பா மட்டும் சிரிச்சுக்கிட்டே, "அவர் சொல்றது சரிதாண்டா. எனக்குத்தான் குடுத்து வைக்கலை"ன்னார். நாலு மாசத்துல அவர் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

இறங்கும்போது அவரே கேட்டார். "ராயர் கடை இருக்கோ இன்னும்?"

இருக்கு. கச்சேரி ரோட்டுலேர்ந்து பிரியற அருண்டேல் தெருவுல. தெரியாதவங்க ரெண்டு தடவை தாண்டிப் போயிடுவாங்க. 1940-கள்லேர்ந்து நடக்கிற கடை. சாப்பாடு கிடையாது, டிபன் மட்டும். மறுநாள் காலையில ஏழரைக்குப் போனோம், அதுக்குள்ள வாசல்ல எட்டு பேர் நிக்கறாங்க. வயசானவர்னு ஒரு பையன் தன் இடத்தை விட்டுக் குடுத்தான்.

இலையில ரெண்டு இட்லி, பக்கத்துல கெட்டிச் சட்னி. ஓடாது, வெச்ச இடத்துல நிக்கும். பச்சை மிளகாய் சுள்ளுன்னு ஏறும். பெரியப்பா இட்லியை விண்டு அதுல தொட்டு வாயில போட்டார். மென்னார். ஒண்ணும் பேசலை. இன்னொரு விள்ளல். முதல் இட்லி முடிஞ்சது. ரெண்டாவதும் முடிஞ்சது. பரிமாறுறவர் தட்டோட வந்து, "இன்னொண்ணு வைக்கட்டுமா மாமா?"ன்னு கேட்டார்.

"ரெண்டு வை. சட்னி போடு."

நான் என் பொங்கலைத் தொடவே இல்லை. அவர் இலையையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

காபி வந்தப்புறம் மெதுவாச் சொன்னார். 1963-ல ஏ.ஜி. ஆபீஸ்ல வேலை கிடைச்சு மயிலாப்பூர்ல ஒரு ரூம்ல நாலு பேரோட இருந்தாராம். காலையில ராயர் கடை. 1968-ல கல்யாணம். பெரியம்மாவுக்கு மன்னார்குடிப் பக்கம் கிராமம். அவங்க வீட்டுல காலையில பழைய சாதம்தான், இட்லி தீபாவளிக்கு. சட்னின்னு ஒண்ணு அரைக்கவே தெரியாதாம். தேங்காயைத் துவையல் பண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

"நான் ஒரு ஞாயித்துக்கிழமை தூக்குல இதை வாங்கிண்டு போனேன். மோந்து பார்த்தா. விரல்ல தொட்டு நக்கிப் பார்த்தா. 'இதென்ன பெரிய வித்தை'ன்னா. அடுத்த நாலு ஞாயித்துக்கிழமையும் வாங்கிண்டு வரச் சொல்லி, பக்கத்துல வெச்சுண்டு அம்மியில அரைச்சா. அஞ்சாவது வாரம், 'இனிமே அங்கே போக வேண்டாம்'னுட்டா."

அதோட ராயர் கடைக்குப் போறதை நிறுத்திட்டாராம். 57 வருஷம்.

எனக்குப் பேச்சே வரலை. "பெரியம்மா சட்னி"ன்னு எங்க குடும்பத்துல ஒரு பேரே உண்டு. லீவுக்கு அவங்க வீட்டுக்குப் போற பசங்க எல்லாருமே அதுக்காகத்தான் போவோம். மன்னார்குடிப் பக்குவம், பாட்டி வழி வந்ததுன்னு நானே எத்தனையோ பேர்கிட்ட அளந்து விட்டிருக்கேன். அது கச்சேரி ரோட்டுலேர்ந்து தூக்குல வந்த சட்னி!

அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள் ராயர் கடைன்னு ஆயிடுச்சு. ஆட்டோவுக்கே இட்லியை விட மூணு மடங்கு செலவு, போனாப் போறது. மத்த நாள்லயும் கொஞ்சம் கொஞ்சமா சாதம் இறங்க ஆரம்பிச்சது. போன வாரம் மெஷின்ல ஏத்திப் பார்த்தோம், 48 கிலோ 300 கிராம்.

நேத்து காலையில நல்ல மழை. வெளியில போக முடியலை. பெரியப்பா எழுந்து அடுக்களைக்குள்ள போய் மிக்ஸி பக்கத்துல நின்னுண்டார். "தண்ணி விடாதேம்மா. பொட்டுக்கடலை இன்னும் கொஞ்சம். மிளகாய்க்குப் பயப்படாதே"ன்னு என் மனைவிக்கு டைரக்‌ஷன். அவள் முறைக்காம அரைச்சா, அதுவே ஆச்சரியம்.

தட்டுல வெச்சோம். தொட்டுச் சாப்பிட்டார். ரெண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னோம்.

"ராயர் கடை மாதிரியே இருக்கு"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அவளோடது மாதிரி இல்லை."

மூணு இட்லி சாப்பிட்டார்.