மண்ணெண்ணெய் டின்னில் பன்னீர் ரோஜா

கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பழைய நினைப்பு வந்தால் முதலில் வருவது நாற்றம்தான். சாக்கில் கட்டி வைத்த கட்டிப்பாலின் நாற்றம், பாலை உறைய வைக்கிற அமிலத்தின் நெடி, ஷீட்டுத் தொங்கும் கொட்டகையின் புகை. குளித்துத் தலைவாரி உட்கார்ந்த பிறகும் அம்மாவின் விரலிடுக்கில் பால்வாடை போகாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்த வாடைக்கு நடுவேதான் வீட்டுக்கு வீடு வாசப்பூ வளர்த்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் குண்டுமல்லி. கோடி வீட்டு அத்தையிடம் செண்பகம். எங்கள் வாசலில் பன்னீர் ரோஜா.

கேமரன் மலையிலிருந்து இப்போது கட்டுக்கட்டாக இறங்குகிற நெட்டை ரோஜா அல்ல அது. அவற்றில் பெரும்பாலானவை நாள்கணக்கில் வாடாமல் நிற்கும், முகர்ந்தால் ஒன்றும் இருக்காது. வாடாத பூ வேண்டும் என்று தேடித்தேடிக் கலப்பினம் செய்ததில் வாசனை கைநழுவிப் போய்விட்டது. பன்னீர் ரோஜா நேர்மாறு. வெளிர்சிவப்பு, உள்ளங்கையில் அடங்கும், இதழ் நெருங்கியிருக்கும். இன்று விரிந்தால் நாளை பொலபொலவென்று கொட்டிவிடும். ஆனால் விடியற்காலை பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, கிளம்புகிறவர்கள் எங்கள் வாசலில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

தமிழ்நாட்டில் மாலைக்கென்று பயிராக்குகிற எட்வர்ட் ரோஜா இந்தச் சாதிதான். அதன் பூர்வீகம் இந்துமாக்கடலில் இருக்கிற ரியூனியன் தீவு. அங்கே வேலிக்கு நட்ட சீன ரோஜாவும் டமாஸ்கஸ் ரோஜாவும் கலந்து தானாகப் பிறந்தது. 1819 வாக்கில் விதை பாரிசுக்குப் போய், பூர்போன் ரோஜா என்ற ஒரு பெரிய குடும்பமே அதிலிருந்து கிளைத்தது. கரும்புத் தோட்டத்துக்குத் தமிழர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன தீவும் அதே தீவுதான். இதை நான் படித்தறிந்தபோது அம்மா இல்லை. இருந்திருந்தால் ஓடிப்போய் அவரிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

நிலத்தில் ஒரு ரோஜாகூட அம்மா வைத்ததில்லை. லயத்து வாசல் மண் தோட்டத்துக்குச் சொந்தம். புல்லுக்கு மருந்தடிக்க வருகிறவர்கள் வாசப்படி வரை அடித்துவிட்டுப் போவார்கள். வேறு லயத்துக்கு மாறு என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொன்னால் மாற வேண்டியதுதான். டின் என்றால் இரண்டு பேர் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

அது நாலு மூலை மண்ணெண்ணெய் டின். மேல் தகரத்தை வெட்டியெடுத்து, பிள்ளைகள் கையைக் கீறாமல் இருக்க ஓரத்தைச் சுத்தியலால் உள்ளுக்கு மடக்கித் தட்டுவார் அப்பா. அடியில் மட்டும் ஓட்டை போட்டால் மண் அடைத்துக்கொள்ளும் என்று, அடியிலிருந்து ஒரு விரல்கடை மேலே நாலு பக்கமும் ஆணியால் குத்துவார். உள்ளே முதலில் அடுப்புக்கரி, பால் பிடிக்கிற மங்கு உடைந்த துண்டுகள். அதற்கு மேல் மாட்டுக்கொட்டகை ஓரத்து மக்கிய சாணம், ஆற்று மணல், செம்மண். செம்மண்ணை மட்டும் போட்டால் மழையில் களியாகும், வெயிலில் இறுகிப்போகும், வேருக்கு மூச்சு இருக்காது என்பார் அம்மா. டின்னைச் செங்கல் மேல் ஏற்றி வைப்பார்கள். தேத்தூளும் முட்டை ஓடும் மீன் கழுவிய தண்ணீரும் அதற்குத்தான். ஆனால் இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பேராக் மழையில் இலை காய்வதே அரிது, கரும்புள்ளி வந்துவிடும். புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி அடுப்பில் போடுவது பிள்ளைகள் வேலை.

அந்த ரோஜாவோடு பெரிய போராட்டம் அதன் கிளைதான். குளிர் நாட்டில் அடக்கமாக நிற்கிற வாசனைப் புதர் ரோஜாக்கள் நம் வெயிலுக்கும் மழைக்கும் ஆளுயரம் எகிறிவிடும். நுனியில் கொத்தாகப் பூத்து, ஒரு மழை நனைந்தால் பாரம் தாங்காமல் சேற்றில் சாயும். அப்பா மூங்கிலைப் பிளந்து மூன்று குச்சி ஊன்றி, தலைப்பை ஒன்றாகக் கட்டுவார். கிளையை நேராக ஏற்ற மாட்டார். பச்சையாக, வளைகிற பருவத்திலேயே, படுக்கைவாட்டில் குச்சிகளைச் சுற்றிக் கொண்டுபோவார். நிமிர்ந்த கிளையில் நுனிமொட்டு மற்ற மொட்டுகளை அடக்கி வைத்துவிடும். படுக்க வைத்தால் கணுவுக்குக் கணு துளிர்த்துப் பூக்கும். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். பட்டைக்குள் என்ன ஓடுகிறது என்பது வருடக்கணக்கில் பால்வெட்டு உளி பிடித்த அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. கம்பியால் கட்டவே விட மாட்டார், கிளை தடித்தால் அறுத்துவிடும். பழைய சைக்கிள் டியூபை விரலகலத்துக்கு நறுக்கி, குச்சிக்கும் கிளைக்கும் நடுவில் ஒரு முறுக்குக் கொடுத்துத் தளரக் கட்டுவார்.

பாட்டி காலத்தில் குச்சிகூட ஊன்றவில்லையாம். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி எழும்பியது. பாட்டி தன் ரோஜாவை அந்த வேலியிலேயே ஏற்றிவிட்டார். ஊரடங்கு நேரத்தில் வேலிப் பக்கம் போகக் கூடாது. பூத்த வாசம் வீட்டுக்குள் வரும், பறிக்க முடியாது என்று சொல்லுவார்.

கவாத்துக்கு நாள் பார்க்கக் காலண்டர் தேவைப்பட்டதில்லை. தைப்பூசத்தை ஒட்டிக் கித்தா இலை சிவந்து கொட்டும், பால் குறையும், பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஈப்போவில் குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போய் வந்த கையோடு அம்மா கத்தரிக்கோலை எடுப்பார். வெட்டியதில் பென்சில் தடிமன் குச்சிகளைப் பால்மாவு டின்களில் ஊன்றி நிழலில் வைப்பார். வேர் பிடித்ததும் கேட்டவர்களுக்கெல்லாம் போகும்.

1969-இல் வேலை பெர்மிட் கெடுபிடி வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். கோடி வீட்டு அத்தையும் பினாங்கு போய் ரஜுலா கப்பல் ஏறினார். செண்பகம் நிலத்தில் நின்ற மரம், என்ன செய்ய முடியும்? அத்தை அதன் அடியில் வெகுநேரம் நின்றிருந்தார். அம்மா ஈரத்துணியில் சுற்றிய ரோஜாக் குச்சிகளை அவர் பைக்குள் வைத்துவிட்டு, "போனதும் ஒரு டின்னுல ஊணிருங்க அண்ணி" என்றார். பிழைத்ததா என்று கடிதம் வரவேயில்லை.

அதற்கும் முன்பே, தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்ட காலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். மாதம் பத்து வெள்ளி கட்டினால் தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அம்மாவும் கட்டினார். ஆனால் நாங்கள் இருந்த தோட்டம் வேறு கைக்குப் போனது. கித்தாவைச் சாய்த்துச் செம்பனை வைக்கப் போகிறோம், லயத்தைக் காலி செய்யுங்கள் என்றார்கள்.

லோரி வந்து நின்ற அன்று ரோஜா டின்னைத் தூக்கினால் அசையவில்லை. அடித்தகரம் துருப்பிடித்து உதிர்ந்து, செங்கல் இடுக்கு வழியாக வேர் தரைக்குள் இறங்கியிருந்தது. கட்டைவிரல் தடிமன் வேர். அத்தனை வருடமும் டின்னில் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பா பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு குந்தினார், வெட்ட மனம் வரவில்லை. அம்மா கத்தியை வாங்கித் தானே வெட்டினார். வேர் எவ்வளவு போனதோ அவ்வளவு கிளையும் போக வேண்டும் என்று பூவும் மொட்டுமாக இருந்ததை முழங்கால் உயரத்துக்கு நறுக்கினார். ஈரச்சாக்கால் அடியைப் பொதிந்து லோரியில் ஏற்றிவிட்டுத்தான் சாமி படத்தை எடுக்க உள்ளே போனார்.

ஈப்போ புந்தோங்கில் வாடகை வீட்டு வாசலில் அது பல வாரம் மொட்டைக் குச்சியாக நின்றது. பிறகு துளிர்த்தது. வெகுகாலம் கழித்துச் சொந்தமாக ஒரு வீடு வாங்கினோம். முன்னால் பாய் விரிக்கிற அளவு மண், பத்திரத்தில் எங்கள் பெயர். இங்கேயாவது தரையில் வைக்கலாமே அம்மா என்றேன். "மண்ணு இருக்கிற எடத்துலதான் இருக்கும் தம்பி. நாமதான் எந்திரிச்சுப் போறோம். அது தொட்டியிலேயே இருக்கட்டும்" என்றார். பெரிய சிமெண்டுத் தொட்டியாகப் பார்த்து வாங்கி வைத்தேன்.

அந்த லயத்து மனிதர்கள் இப்போது செம்மோரிலும் கிள்ளானிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள். பாதிப் பேர் அடுக்குமாடி வீடுகளில். கல்யாணத்திலோ சாவிலோ பார்த்தால், "ஒங்கம்மா ரோஜா இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. தைப்பூசம் முடிந்து வெட்டும்போது கேட்டவர்களுக்குக் குச்சி எடுத்து வைக்கிறேன். நாலு கணு இருக்கட்டும், இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும், காலை வெயில் விழுகிற பால்கனி போதும். மூங்கில் கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் குழாய் ஊன்றிக்கொள்ளுங்கள், கம்பி மட்டும் கட்டாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தனுப்புகிறேன்.