மூன்று செடி, ஒரு பூட்டு

ஹாம்பர்க்கில் ஓய்வுபெற்ற தபால்காரர் அவர். தக்காளி, ரோஜா எல்லாம் பழக்கம், கஞ்சா புதுசு. ஜெர்மனியில் 18 வயது நிறைந்தவர்கள் சொந்த உபயோகத்துக்கு மூன்று செடி வரை வீட்டில் வளர்க்கலாம் என்ற சட்டம் 2024 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. மனைவி முறைக்க முறைக்க, விதை வாங்கிவிட்டார்.

மே 15, ‘குளிர் சோஃபி’ நாள். அது கழியும்வரை பனிக்குப் பயந்து மென்மையான செடிகளை அங்கே வெளியே நடமாட்டார்கள். நமக்கு ஆடிப்பட்டம் மாதிரி! அவரும் காத்திருந்து நட்டார். ஜூனில் 17 மணி நேரப் பகல். செடிகள் ஆள் உயரம் தாண்டின.

ஆனால், இரவு நீண்டால்தான் இந்தச் செடி பூக்கும். ஹாம்பர்க்கில் அது ஆகஸ்ட். பூ முற்ற அக்டோபராகும். அதற்குள் மழை வந்துவிடும். திராட்சையை அழுகவைக்கும் அதே சாம்பல் பூஞ்சை, பூவுக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே ஓர் இலை வாடியது போலத்தான் தெரியும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும் ரகங்களும் உண்டு. அதையெல்லாம் அவர் விசாரிக்கவில்லை.

பெரிய கவலை வேறு. சனி, ஞாயிறு வரும் ஏழு வயதுப் பேத்தி. குழந்தைகள் நெருங்க முடியாதபடி செடிகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது சட்டம். வேலி போட்டுப் பூட்டினார். மகளுக்கு அது போதவில்லை. “செடி இருக்கும்வரை அவளை அனுப்ப மாட்டேன்” என்றுவிட்டாள். கோடை முழுக்க பேத்தி வரவில்லை.

செப்டம்பர் மழையில் இரண்டு செடிகள் அழுகின. மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது. அதை அவரே வேரோடு பிடுங்கிப்போட்டுவிட்டு, மகளுக்கு போன் செய்தார்.