கப்பலை விட்டிறங்கி வனம் புகுவோர்க்கு

அலாஸ்காவைக் காணச் செல்வோரில் மிகப் பலர் கப்பல் வழியாகவே செல்கின்றனர். கனடாவின் வான்கூவரில் ஏறினால் ஏழு நாட்கள். கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே எனத் துறைதோறும் நின்று, பனியாறுகள் உடைந்து கடலில் விழும் அற்புதத்தையும் காட்டி, சீவர்டிலோ விட்டியரிலோ கப்பல் நம்மை இறக்கிவிடுகிறது. அங்கிருந்தே விமானமேறித் திரும்புவோர் கரையைக் கண்டவரேயன்றி நாட்டைக் கண்டவர் அல்லர். உள்நாட்டிலுள்ள டெனாலி தேசியப் பூங்காவில் நான்கு நாட்களேனும் நடந்து, கூடாரத்தில் உறங்க வேண்டும். சென்ற கோடையில் என் சகோதரி மகன் குடும்பத்தாரோடு அவ்வாறு சென்று வந்தேன். திட்டமிடுவோர்க்குப் பயன்படும் சிலவற்றை எழுதுகிறேன்.

சியாட்டிலில் புறப்பட்டுச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல்கள் இப்பயணத்திற்கு உதவா. வடக்கில் முடியும் ஒருவழிக் கப்பலே வேண்டும். அதற்கும் முன்பாகப் பூங்காவின் கூடாரத் திடலில் இடம் பதிந்துவிடுங்கள். இடங்கள் சொற்பம், கப்பல் தேதியை அதற்கேற்பப் பொருத்திக் கொள்ளலாம்.

"மாமா, இறங்கிய அன்றே பூங்காவுக்குப் போய்விடலாமே" என்றார் மருமகன். நான் இசையவில்லை. கப்பலில் வேளைக்கொரு விருந்துண்டு, மெத்தையில் ஏழு இரவு துயின்ற கால்கள், மூட்டை சுமந்து சதுப்பில் நடக்க உடனே ஒப்புமா? ஆங்கரேஜ் நகரில் ஒரு முழு நாள் தங்கினோம். அந்நாள் வேறு வகையிலும் தேவை. அடுப்புக்குரிய எரிவாயுவையும், கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பானையும் விமானத்தில் கொண்டு செல்ல இயலாது. அங்கேதான் வாங்க வேண்டும். கப்பலுக்கென எடுத்துச் சென்ற நல்லாடைப் பெட்டிகளை விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டோம்.

ஆங்கரேஜிலிருந்து டெனாலிக்கு இரயிலில் ஏழரை மணி நேரம். சீவர்டிலிருந்து ஃபேர்பேங்ஸ் வரை ஏறத்தாழ 756 கிலோமீட்டர் ஓடும் இவ்விருப்புப்பாதை 1923-ல் நிறைவெய்தியது.

பூங்காவின் பரப்பு சுமார் 24,000 சதுர கிலோமீட்டர். அதற்குள் இருப்பதோ 148 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே சாலை! அதிலும் முதல் 24 கிலோமீட்டர்தான் சொந்த வாகனங்களுக்கு. அதற்கப்பால் பூங்காவின் பேருந்துகளே செல்லும். விரும்பிய இடத்தில் இறங்கி நடந்து, பின்னால் வரும் பேருந்தில் இடமிருந்தால் ஏறிக் கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் பிரிட்டி ராக்ஸ் என்னுமிடத்து நிலச்சரிவால் சாலை 43-ஆம் மைலோடு அடைக்கப்பட்டது. எதுவரை செல்லலாம் என்பதைப் புறப்படுமுன் கேட்டறிந்து கொள்க.

உள்ளே ஒற்றையடிப் பாதைகள் மிகக் குறைவு. கூட்டமாக நடப்போர் ஒருவர் பின் ஒருவராகச் செல்லாது பரந்து நடக்க வேண்டும். இல்லையேல் மெல்லிய பாசிநிலத்தில் வடு விழுந்துவிடும். இரவு தங்குவோர்க்கு அனுமதிச் சீட்டும், கரடியால் திறக்கவொண்ணாத உணவுப் பெட்டியும் பூங்கா அலுவலகத்தில் கிடைக்கும். கரடிக்கும் நமக்குமிடையே 275 மீட்டர் தூரம் வேண்டும் என்பது விதி.

என்னைக் கேட்டால், கரடியை விட ஆற்றுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். இவை பனியாறு உருகி வரும் நீர். அதிகாலையில் வடிந்திருக்கும், வெயில் ஏற ஏறப் பெருகும். 1992 ஏப்ரலில் கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸ் என்னும் 24 வயது இளைஞர் பூங்காவின் வடபுறமுள்ள ஸ்டாம்பீட் தடத்தில் டெக்லானிக்கா ஆற்றைக் கடந்து சென்று, கைவிடப்பட்ட பேருந்தொன்றில் தங்கினார். ஜூலையில் திரும்ப முயன்றபோது ஆறு கரைபுரண்டது. கடக்கவியலாமல் மீண்டும் பேருந்துக்கே சென்றார். ஆகஸ்டில் அதனுள்ளேயே உயிர் நீத்தார். அப்பேருந்தைக் காணப் புறப்பட்ட இருவர் 2010-லும் 2019-லும் அதே ஆற்றில் மாண்டனர். 2020 ஜூனில் ஹெலிகாப்டர் கொண்டு பேருந்தையே அகற்றிவிட்டார்கள். ஆகவே காலையில் கணுக்கால் அளவு நீரில் கடந்த ஓடையை மாலையில் அதே அளவில் எதிர்பார்க்கலாகாது. திரும்பும் நேரத்தையும் ஓர் உபரி நாள் உணவையும் கணக்கில் சேர்த்த பிறகே அக்கரை பற்றி எண்ணுக.

உணவில் நமக்குத் தொல்லையில்லை. சால்மன் மீன் தாராளம். பேரீச்சையும் அவலும் கொண்டு சென்றோம். கிப்லாதான் வியப்பூட்டியது. உலக உருண்டையின் நெருங்கிய வழியில் கணித்தால், மக்கா அங்கிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கு! ஜூன் மாதத்திலோ இரவு என்பது அந்தியும் விடியலும் கைகோத்த சிறு பொழுது. பல்கார் நகரில் நோன்பு திறந்து கொண்டிருக்கையிலேயே இஷாவுக்குப் பாங்கு ஒலித்ததாக இப்னு பதூதா எழுதியது நினைவுக்கு வந்தது. அதற்கும் வடக்கேயுள்ள இருள்நாட்டிற்கு நாய்வண்டியில் செல்ல விரும்பியவர், சிரமம் பெரிது, பயன் சிறிது எனக் கைவிட்டாராம். உலகைச் சுற்றியவர்க்கும் வேண்டாமெனச் சொல்லத் தெரிந்திருந்தது.

மாதங்களில் எனக்கு உகந்தது ஆகஸ்டின் பிற்பாதி. கொசு தணிந்து, நிலமெல்லாம் செந்நிறம் பூசத் தொடங்கும், அவுரிநெல்லி கனியும். கரடிகளும் அதைத் தேடி வரும் என்பதால் புதரருகே உரக்கப் பேசிக் கொண்டே நடப்பது நல்லது.

6,190 மீட்டர் உயர்ந்த அப்பெருமலையை அரசு 2015-ல் டெனாலி என்றும், 2025-ல் மீண்டும் மெக்கின்லி என்றும் பெயரிட்டது. பெயர் எதுவாயினும், வருவோரில் மூவரில் ஒருவருக்கே அது முகம் காட்டுகிறது. மற்ற நாட்களில் மேகத்துள் மறைந்திருக்கும். நாங்கள் இரு நாட்கள் அதன் அடிவாரத்தைக்கூடக் காணவில்லை. மூன்றாம் நாள் சுப்ஹுக்குப் பின் கூடாரத் திரையை விலக்கிய மருமகனின் சின்ன மகள் எங்கள் அனைவரையும் கூவி எழுப்பினாள்.