தூரோடு எடுக்கணும்

எங்கள் அப்பத்தாவின் நிலம் கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இடைப்பட்ட ஒரு சரிவில் இருந்தது. தார் ரோட்டை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் போனால் வலது கைப்பக்கம் மலை ஏறும், இடது கைப்பக்கம் எங்கள் நிலம் இறங்கும். நின்று பேசுவதற்கே ஒரு காலை மடக்கி மேட்டில் ஊன்றிக்கொள்ள வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த 1980களின் தொடக்கத்தில் அதைத் தோட்டம் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. உண்ணிக்காடு என்றுதான் பேர். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, கிளையோடு கிளை பின்னி, பலா மரத்தின் பாதிவரை தொற்றி ஏறிய உண்ணிச்செடி. உள்ளே பன்றி போக வழி இருந்தது. மனுசர் போக வழி இல்லை.

அதற்கு முன்னால் அது வாழைக்காடு. தாத்தா விருப்பாச்சியும் சிறுமலையும் வைத்திருந்தார். மழையை மட்டும் நம்பி மரநிழலில் வளரும் மலைவாழை. குலைகளை மட்டக்குதிரைகளின் மேல் ஏற்றி இறக்குவார்களாம். பழனி பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சிப் பழம் போகும் என்பதால் குலையை வெறுந்தரையில் வைக்கக்கூட தாத்தா விடமாட்டாராம். பிறகு முடிக்கொத்து நோய் வந்தது. இலைகள் அகலம் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நெருக்கிக்கொண்டு நிற்கும். மரம் குலை தள்ளாது. தள்ளினாலும் விரல் மொத்தத்துக்குக் காய் வராது. அசுவினி அந்த நோயை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். நோய் கண்ட மரத்தின் கன்றைப் பெயர்த்து வைத்தால் அந்த இடத்துக்கும் போகும். கீழ்ப்பழனி மலையில் பெருவாரியான வாழைக்காடுகள் இப்படித்தான் அழிந்தன. தாத்தா அந்த ஏக்கத்திலேயே போய்ச்சேர்ந்தார் என்பாள் அப்பத்தா. அப்பா வேலைக்கென்று திண்டுக்கல்லுக்கு இறங்கினார். ஆள் நடமாட்டம் நின்ற நிலத்துக்கு உண்ணி வந்துசேர வெகுநாள் ஆகவில்லை.

அமெரிக்க வெப்பநாடுகளின் செடி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவந்து கல்கத்தாவின் தாவரவியல் பூங்காவில் வளர்த்தார்கள். பிறகு பங்களா வேலிகளில் வைத்தார்கள். அங்கிருந்து மலைக்கு ஏற்றிவந்த வேலையைப் பறவைகள் பார்த்துக்கொண்டன.

பிள்ளைகளான எங்களுக்கு அந்தச் செடி மேல் கோபம் கிடையாது. கோடை விடுமுறைக்கு மலையேறினால் முதல் வேலை உண்ணிப்பழம் பறிப்பதுதான். பச்சைக்காயை விட்டுவிட்டு, நன்றாகக் கறுத்து மினுங்கும் பழமாகப் பார்த்துப் பறிப்போம். சதை கொஞ்சம், கொட்டை பெரிசு. பூவைப் பிய்த்து அடிக்குழலை உறிஞ்சினால் நாக்கு நுனியில் ஒரு துளி இனிப்பு. ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் விளிம்பில் ரோசாவுமாக இருக்கும். ஒரு பூவின் குழலுக்குள் இன்னொன்றைச் சொருகிச் சொருகி மாலை செய்வோம். பட்டாம்பூச்சிகள் விடாமல் மொய்க்கும். இவ்வளவு அழகான ஒன்றை ஏன் திட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை, எங்கள் செவலைப் பசு சாகும் வரைக்கும்.

அந்த வருசம் மழை தப்பியது. புல் கருகிவிட்டது. சாதாரணமாக மாடு உண்ணி இலையில் வாய் வைக்காது. ஆடு கூட மோந்து பார்த்துவிட்டு நகரும். வயிறு காய்ந்த செவலை தின்றுவிட்டது. ரெண்டு நாளில் தீனி எடுப்பது நின்றது. கண் மஞ்சளாகிவிட்டது. வெயிலில் நிற்க முடியாமல் நிழலுக்கு ஓடி ஓடிப் போனது. காது மடலும் மூக்கும் வெடித்துத் தோல் உரிந்தது. அந்த இலையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், அதனால் வெயில் பட்ட தோலெல்லாம் வெந்துபோகும் என்று மாட்டு டாக்டர் சொன்னார். இருட்டான கொட்டத்தில் கட்டி, கண்ணுக்கு ஈரத்துணி வைத்து, கஞ்சி புகட்டிப் பார்த்தாள் அப்பத்தா. பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டத் தொடங்கியவள், யாரையும் பார்க்காமல், "கோட மழ விழட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

மழை பெய்த மறுநாள்தான் அந்த வேலைக்குத் தோதான நாள். காய்ந்த மண்ணில் உண்ணித் தூர் அசையாது. ஈரமண்ணில் நெம்பினால் கிளம்பும். எங்கள் பள்ளி விடுமுறையும் சித்திரை மழையும் ஒன்றாக வந்ததால் நாங்களும் அதில் ஆள்கள் ஆனோம். சித்தப்பா, கூலிக்கு வந்த ஊர்ப் பெண்கள், பளியர் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர், அப்பத்தா. அவரவர் இடுப்பில் முன்பக்கம் ஒரு சாக்கு கட்டியிருக்கும். முழுக்கைச் சட்டை. வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிட வேண்டும்.

சித்தப்பா முதல் நாளே சொல்லிப் பார்த்தார். "ஆத்தா, ஆள விட்டு ஒரேயடியா வெட்டித் தீய வச்சிட்டா ஒரு வாரத்துல முடிஞ்சு போகும்."

"முடிஞ்சு போகும்தான். ஐப்பசி மழைக்கு மண்ணும் சேந்து முடிஞ்சு போகும். இப்ப இந்த மண்ணப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு? இந்தச் சனியன்தான? அது கையில இருக்குறத நாம வாங்கிக்கிட்டுத்தான்டா அத அனுப்பணும்."

மேல் சரிவுக்காரர் முந்தின வருசம் தீ வைத்திருந்தார். மலையில் தீ மேல்நோக்கித்தான் ஓடும். உண்ணி பற்றினால் அனல் கிட்டே நிற்க விடாது. அடர்ந்த காடு ஒரே பகலில் வெறும் கரியானதைப் பார்த்துச் சித்தப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஐப்பசியில் அங்கே மண் கரைந்து ஓடைக்கு இறங்கிப் பாறை எலும்பு தெரிந்தது. கருகிய தூர்களிலிருந்து உண்ணி முன்னைவிடச் செழிப்பாகத் துளிர்த்தது. வெந்தது மற்ற மரக்கன்றுகள்தான். அப்பத்தா அதைக் கையை நீட்டிக் காட்டினாள். சித்தப்பா அப்புறம் பேசவில்லை.

சரிவுக்குக் குறுக்காக, பட்டை பட்டையாக எடுப்பது அவள் ஏற்பாடு. ஒரு பட்டையை வெட்டுவது, அதற்கு மேலே ஒரு பட்டையை அப்படியே விடுவது. எல்லாரும் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கடப்பாரை போடுகிறவருக்குக் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. கல் உருண்டால் கத்த நேரம் இருக்காது. பிள்ளைகள் எல்லை தாண்டினால் அப்பத்தா பேசமாட்டாள், அடிதான்.

பளியர் பெரியவர் வேலையைத் தொடங்கும் முறை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீண்ட கம்பால் புதரைத் தட்டிவிட்டுச் சும்மா நிற்பார். பச்சைவிரியன் இருந்தால் போக நேரம் கொடுக்க வேண்டும். தட்டியதும் பறவைகள் எந்தப் பக்கம் கிளம்புகின்றன, வண்டு ஏதாவது ஒரே கோட்டில் போய்வருகிறதா என்று பார்ப்பார். ஒருநாள் அப்படிப் பார்த்தவர் அரிவாளை இடுப்பில் சொருகிக்கொண்டார். உள்ளே கதண்டுக் கூடு. அந்தப் புதரை அந்த வருசம் யாரும் தொடவில்லை.

பிறகு கவைக்கம்பு. இடது கையில் கவையுள்ள கம்பால் கிளைக்கூட்டத்தை அழுத்தித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அழுத்தத்தில் விறைத்து நிற்கும் தண்டை வலது கை அரிவாளால் வெட்ட வேண்டும். வெட்டு சாய்வாக விழ வேண்டும். தண்டு சதுரமாக இருக்கும், அதன் நாலு விளிம்பிலும் பின்னோக்கி வளைந்த சிறு முள். உள்ளே போகும்போது விடும், கையை இழுக்கும்போதுதான் பிடிக்கும். பெண்கள் வெட்டிய கிளைகளை இழுத்துவந்து சரிவுக்குக் குறுக்கே அடுக்குவார்கள், வழிந்து வரும் மண் அதில் தங்க. காய் பிடித்த கிளைகளை மட்டும் தனியே பிரித்துப் பாறை மேல் போட வேண்டும். அது எங்கள் வேலை. இலை கசங்கிய நெடி கையிலிருந்து ராத்திரி சோற்றுக்கும் வரும். கீறலெல்லாம் எரியும். அப்பத்தா தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு கையாக வாங்கித் தடவுவாள்.

வெட்டுவதோடு யாராவது நகர்ந்துவிட்டால் "தூரோடு எடுக்கணும்" என்று மேலேயிருந்து குரல் வரும். முழங்கை நீளத்துக்குத் தண்டை விட்டுத்தான் வெட்டுவார்கள், பிடித்து ஆட்ட ஒரு பிடி வேண்டுமே. களைக்கொத்தால் சுற்றிலும் மண்ணைப் பறித்து, வேர் தொடங்குகிற கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டி நெம்புவார்கள். குழியில் மண்ணைத் தள்ளி மிதித்து மூடிவிட்டு, எடுத்த தூரை வேர் வானத்தைப் பார்க்கக் கல்லின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். ஈரமண்ணில் பட்டால் மறுபடி பிழைத்துக்கொள்ளும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு கார்பெட் புலிகள் காப்பகப் பகுதியில் செய்து காட்டிய முறையைப் பற்றிப் பல வருசம் கழித்துப் படித்தேன். வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாகக் கவிழ்க்கும் அதே வேலை. படிக்கும்போதே அப்பத்தாவின் குரல் காதில் விழுந்தது.

மூன்றாவது பட்டையில் கல்கட்டு வெளிவந்தது. தாத்தா காலத்தில், ஒருவேளை அவருக்கும் முன்னால், சுண்ணாம்பில்லாமல் கல்லோடு கல் பொருத்தி எழுப்பிய இடுப்புயரச் சுவர். தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிறைய உண்டு, பேராசிரியர் கா. ராஜன் பிற்காலத்தில் அங்கே அகழாய்வு செய்தார். அந்த மலையில் கல்லை அடுக்கி நிறுத்தும் கைப்பழக்கம் அவ்வளவு பழசு. சுவரின் மேல் படர்ந்த வேர்களைச் சித்தப்பா பிய்க்கப் போனார். அப்பத்தா தடுத்து, ஒவ்வொரு வேராகத் தானே அறுத்தாள். ஒரு மூலையில் கல் ஈரமாக இருந்தது. சருகைத் தள்ளிக் கையால் பறித்தால், ஊற்று. உள்ளங்கை அளவுதான், ஆனால் நிற்காமல் வந்தது. வாழைக்காடு இருந்தபோது வேலையாட்கள் குடித்த தண்ணீர் அதுதானாம். இடம் மறந்துபோய், வற்றிவிட்டது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். நாங்கள் மண்டியிட்டுக் குடித்தோம். அந்தக் குளிர்ச்சியை நான் வேறெந்தத் தண்ணீரிலும் கண்டதில்லை.

அன்றன்றைக்கு எடுத்த இடத்தில் அன்றன்றைக்கே ஏதாவது ஊன்றிவிட்டுத்தான் வீடு திரும்புவோம். மொச்சை, அவரை, ஆளுயர முள்முருங்கைப் போத்து. விளிம்புகளில் புல் பத்தை. உண்ணியிலேயே மொத்தமான தண்டுகளாகப் பார்த்து, முள் சீவி, அவரைக்குக் கொம்பு நட்டாள் அப்பத்தா. 2021ல் லண்டன் பூங்காக்களில் நிறுத்திய யானைகளின் படங்களைப் பார்த்தபோது அந்தக் கொம்புகள் நினைவுக்கு வந்தன. கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணித் தண்டை வளைத்து நிஜ யானை அளவிலேயே யானைகள் செய்திருந்தார்கள். அப்பத்தா பார்த்திருந்தால் தண்டு எப்படி வளைந்தது என்றுதான் முதலில் கேட்டிருப்பாள்.

அடுத்த வருசம் காபி நாற்று வைத்தோம். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியிலேயே இருந்ததால் சித்தப்பா போய் நிழல், இடைவெளி எல்லாம் கேட்டு வந்தார். மேலே விட்டிருந்த பட்டைகளை அந்தக் கோடையில் எடுத்தோம். பிள்ளைகளுக்கு வேறு வேலை வந்தது. கொண்டைக்குருவி எங்கே உட்காருமோ அந்த மரத்தடியில்தான் உண்ணிக் கன்று முளைக்கும். மழைக்குப் பின் பலா மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிடுங்குவோம். எதிரெதிரே இரண்டிரண்டாக இலை. சந்தேகமானால் கசக்கி மோந்தால் போதும். அந்த அளவில் ரெண்டு விரல் இழுப்புக்கு வந்துவிடும். அதே கன்றை ஒரு வருசம் விட்டால் கடப்பாரை வேண்டும். சாயங்காலம் ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி.

இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளின் பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தச் செடி படர்ந்திருப்பதாக 2020ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இதைத் தின்னவென்றே 1941ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு பூச்சியைத் தருவித்தார்கள். அதனாலும் அடக்க முடியவில்லை. மலையில் ஆள் இருந்து வருசா வருசம் கால் வைத்த இடம்தான் தப்பியிருக்கிறது, என் கண் பார்த்த வரைக்கும். அப்பத்தா போன பிறகு சித்தப்பா அந்த வேலையை விடவில்லை; அவருக்குப் பின் அவர் மகன் விடவில்லை. காபியும் மிளகும் நிற்கின்றன. ஊற்றுக்கு ஒரு சின்னத் தொட்டி கட்டியிருக்கிறோம்.

மேல் சரிவுதான் கவலை. அன்றைக்குத் தீ வைத்தவரின் பிள்ளைகள் திருப்பூரில் தங்கிவிட்டார்கள். நிலம் முழுக்க உண்ணி. பழுத்தால் குருவி நேராக எங்கள் பலாவுக்குத்தான் வருகிறது. போன மாசம் அந்த வீட்டு மூத்தவருக்குச் சித்தப்பா மகன் போன் போட்டான். "எங்களுக்கு வர முடியலப்பா, நீங்களே எடுத்துக்கங்க, ஆள் கூலியில பாதி தந்துர்றோம்" என்றாராம். ஒரே மூச்சில் எடுக்கப் போவதில்லை. கீழ்ப் பட்டையில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றாகத்தான். முள்முருங்கைப் போத்துக்குச் சொல்லிவைத்தாயிற்று. சித்திரையில் முதல் மழை விழுந்ததும் போகிறோம். என் பேத்தியும் வருகிறேன் என்கிறாள்.