நிறை ஏறியதும் முட்டையை நிறுத்தலாமா?

தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் எங்களுக்கு, தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் வரவு இடாப்பைத் திறக்கவே மனம் வராது. ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலையில் மழையும் பனிமூட்டமும் விலகுவதில்லை. இருமல், சளி, காய்ச்சல். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஒரு பிள்ளை மூன்று நாளில் எழும்பி வந்துவிடும். இன்னொன்று மூன்று வாரமாகியும் வராது. வந்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி படுத்துவிடும். அநேகமாக அது வகுப்பில் ஆகச் சின்னதாக, வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளையாக இருக்கும்.

"குளிருதானே சேர், அதுக்கு ஒடம்பே அப்பிடித்தான்" என்பார்கள் தாய்மார். ஒரே குளிர், ஒரே லயம், ஒரே வகுப்பு. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? ஒரு காரணம் பிள்ளையின் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

அதன் பெயர் தைமசுச் சுரப்பி. சின்ன வயதில் நன்றாக வளர்ந்திருக்கும். பருவ வயதுக்குப் பிறகு மெல்ல மெல்லச் சுருங்கி, கொழுப்பாக மாறும். அதனாலேயே பயனற்ற உறுப்பென்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்தவுடனேயே எலிக்குஞ்சுகளிலிருந்து அதை அகற்றிப் பார்த்தார். அந்தக் குஞ்சுகள் பிறகு மெலிந்து, தொற்றுகளுக்கு இரையாகின. வேறு எலியின் தோலை ஒட்டினால்கூட அவற்றின் உடல் எதிர்க்கவில்லை. நிர்ப்பீடனத்தின் பள்ளிக்கூடமே தைமசுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பள்ளிக்கூடம் என்று சும்மா சொல்லவில்லை. என்பு மச்சையில் பிறக்கும் இளம் கலங்கள் தைமசுக்குள் வந்து 'டி கலங்கள்' ஆகின்றன. அங்கே இரண்டு பரீட்சை. வெளிப்பகுதியில், அந்நியப் பொருளை அடையாளம் காணும் ஆற்றல் உண்டா என்று பார்க்கப்படும். உட்பகுதியில், சொந்த உடம்பையே தாக்கும் குணம் உண்டா என்று பார்க்கப்படும். தேறாதவை அங்கேயே மடியும். பத்தில் ஒன்றுகூடத் தேறி வெளியே வருவதில்லை. தேறி வருபவைதான் சளிக் கிருமியிலிருந்து காசநோய்க் கிருமி வரைக்கும் எதிர்த்து நிற்பவை.

இந்தக் கலங்கள் நின்ற இடத்திலேயே நின்று படிப்பதில்லை. வெளிப்பகுதியிலிருந்து உட்பகுதிக்கு நகர்ந்துகொண்டே படிக்கின்றன. நகர வழி வேண்டுமே? கலங்களுக்கு வெளியே, அவற்றுக்கிடையில், புரத நார்களால் பின்னிய வலை ஒன்று இருக்கிறது. கலப்புறத் தாயம் என்று சொல்வார்கள். கொலாஜன், லெமினின், பைப்ரோனெக்டின் என்பவை அதிலுள்ள முக்கியமான புரதங்கள். டி கலங்களின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்னும் கொக்கிகள் உண்டு. அந்தக் கொக்கிகளால் வலையைப் பிடித்துப் பிடித்து நகர்கின்றன. பிடிக்கும்போதே 'நில்', 'போ', 'உயிரோடிரு' என்ற சமிக்ஞைகளும் கலத்துக்குள் போகின்றன.

மலையில் உள்ளவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது எளிது. கொழுந்தெடுக்க ஆளுக்கொரு நிரை கொடுப்பார்கள். நிரை துப்புரவாக இருந்தால் ஆள் தடங்கலில்லாமல் நடந்து, நேரத்துக்கு மடுவத்துக்கு வந்துவிடலாம். காடு மண்டிய நிரையில் கால் வைக்கவே முடியாது. தைமசில் அந்த நிரைதான் இந்த வலை.

வலைக்கு எவ்வளவு முக்கியத்துவம் உண்டென்று 2020இல் லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தாரும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினரும் காட்டினார்கள். எலித் தைமசிலிருந்து கலங்கள் அனைத்தையும் கழுவி அகற்றி, வெறும் வலையை மட்டும் மிச்சம் வைத்தார்கள். அதில் மனிதத் தைமசுக் கலங்களைக் குடியேற்றியபோது, டி கலங்கள் வளரும் இடமாக அது மறுபடி வேலை செய்தது.

இப்போது எங்கள் பிள்ளைகளிடம் வருவோம். போதிய சாப்பாடு இல்லாத பிள்ளையின் உடல் முதலில் கைவிடும் உறுப்புகளில் தைமசும் ஒன்று. உடலில் மன அழுத்த ஓமோன் கூடுகிறது, பசியை அடக்கும் லெப்டின் குறைகிறது, இளம் டி கலங்கள் கூட்டமாக மடிகின்றன. பிரேசிலில் வில்சன் சவீனோ குழுவினர், போசணைக் குறைபாட்டோடு இறந்த பிள்ளைகளின் தைமசை ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள். கலங்கள் குறைந்த இடத்தில் அந்த வலை தடித்துப் பெருகியிருந்தது. கலங்கள் எவ்வளவு குறைவோ, வலை அவ்வளவு தடிப்பு. நடக்க ஆளில்லாமல் காடு மண்டிய நிரை மாதிரித்தான்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது சுமார் 32 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு பிள்ளை. அதற்குப் பிறகு 2022இன் நெருக்கடியும் வந்தது. திரிபோஷாவும் தட்டுப்பாடானது.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது இனிச் சொல்லப்போகும் விஷயம்தான். பொலிவியாவில் கொச்சபம்பா நகரில், கடும் போசணைக் குறைபாட்டோடு வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகளின் தைமசை பிலிப் செவாலியே குழுவினர் ஸ்கேன் செய்து அளந்து வந்தார்கள். நல்ல சாப்பாடு கொடுத்ததும் நிறையும் உடல் அளவுகளும் ஒரு மாதத்தில் தேறின. தைமசு தேற இரண்டு மாதம் எடுத்தது. நாகச் சத்தும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் காலம் ஒரு மாதமாகக் குறைந்தது.

எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அந்தளவுக்குக் கடுமையான நிலையில் இல்லை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். தராசு 'சரி' என்று சொன்ன பிறகும் உள்ளே பள்ளிக்கூடம் இன்னும் திருத்த வேலையில் இருக்கலாம். நாங்கள் செய்வதோ நேர்மாறு. பதிவேட்டில் கோடு மேலே ஏறியதும் "பிள்ளை தேறிட்டுது" என்று முட்டையை நிறுத்துகிறோம். திரிபோஷா பக்கெட் வீட்டில் எல்லாருக்கும் பங்காகிறது. அடுத்த மழையில் பிள்ளை மறுபடி விழுகிறது.

தாய்மாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விடியற்காலை பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலைக்கு ஏறும் தாயின் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். சம்பளத்தில் எத்தனை முட்டை வாங்கலாம் என்பதும் தெரியும். அதனால் முடிந்ததை மட்டும் சொல்கிறோம். நிறை தேறிய பிள்ளைக்கு இன்னும் இரண்டு மாதமாவது அதே கவனிப்பைத் தொடருங்கள். முட்டை முடியாத நாளில் பருப்பும் நெத்தலிக் கருவாடும் கீரையும். ரொட்டியோடு சாயத்தண்ணி கொடுப்பதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள், அது இரும்புச் சத்தைத் தடுக்கும். தடுப்பூசியைத் தவற விடாதீர்கள். நாகச் சத்தை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வைத்தியரையோ குடும்ப நல உத்தியோகத்தரையோ கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, பாடசாலை உணவை யாருக்குக் கூடுதலாகப் பரிமாறுவது என்று யோசிக்கும்போது, இந்த மாதம் நிறை ஏறிய பிள்ளையையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பிள்ளைகளின் வரவை இடாப்பில் தனியாகக் குறித்துப் பார்ப்போம். வித்தியாசம் தெரியும், இன்ஷா அல்லாஹ்.